பெட்ரோமாக்ஸை மினுக்காதீங்க, எரிய விடுங்க

தலைப்புல பெட்ரோமாக்ஸைப் பார்த்ததுமே உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு கவுண்டமணி ஞாபகம் வந்திருக்கும். 1984-ல வந்த 'வைதேகி காத்திருந்தாள்'. இது எப்படி எரியுதுன்னு செந்தில் கேட்பார், ஆல் இன் ஆல் அழகுராஜா மேண்டிலைக் காட்டுவார், செந்தில் அதை ஒரே அமுக்குல மாவாக்கிடுவார். நாப்பது வருஷம் தாண்டியும் சிரிக்கிறோம். என்னைக் கேட்டா, பிரஷர் விளக்கைப் பத்தி தமிழ் சினிமா சொன்ன ஒரே தொழில்நுட்ப உண்மை அதுதான். அந்த லைட்ல வெளிச்சம் குடுக்கிற பாகம் தொட்டா உதிர்ற சாம்பல் மட்டுமே.

செந்தில் பண்ணினதாவது ஒரு மேண்டிலோட போச்சு. வேற வாங்கி மாட்டிக்கலாம். இப்ப ஊர் ஊரா நடக்கிறது அப்படியில்லை. பழைய பெட்ரோமாக்ஸை 'ரெஸ்டோர்' பண்றேன்னு சொல்லி ஒண்ணு கண்ணாடி மாதிரி மினுக்கி வைக்கிறாங்க, இல்லைன்னா டேங்க்ல ஓட்டை போட்டு ஒயர் விட்டு எல்.ஈ.டி. பல்பு மாட்டுறாங்க. ரெண்டுமே எனக்கு ஆகாது. ஏன் ஆகாதுன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு. ஆணி அதிகம் உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

முதல்ல என்னோட சொந்தக் கடுப்பு எதுன்னு சொல்லிடறேன். இல்லைன்னா இவன் ஏன் இப்படி குதிக்கிறான்னு தோணும்.

எங்க தாத்தா துறையூர் பக்கம் வாடகைக் கடை வெச்சிருந்தவர். பந்தல் சாமான், அண்டா குண்டா, ஜமக்காளம், அப்புறம் கேஸ் லைட்டு. எங்க பக்கம் பெட்ரோமாக்ஸை யாரும் பெட்ரோமாக்ஸ்னு சொல்ல மாட்டாங்க, கேஸ் லைட்டுதான். உள்ள கேஸும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, மண்ணெண்ணெய்தான். ஆனா யோசிச்சுப் பார்த்தா அந்தப் பேரு தப்பே இல்லை, அது பின்னால வரும். கல்யாண ஊர்வலம், தேர், கரகாட்டம், சாவு வீடுன்னு ராத்திரி வாடகைக்குப் போகும். மேண்டில் உடைஞ்சா தனிக் காசு. திரும்பி வர்றப்ப லைட்டு மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொரு டேங்கோட தோள்லயும் உளியால 'ரா.வே.' ன்னு வெட்டி, கீழ ஒரு நம்பர். பாத்திரத்துல பேர் வெட்டுவாங்க இல்லையா, அதே மாதிரி புள்ளி புள்ளியா.

தாத்தா போனதுக்கப்புறம் மிச்சம் இருந்தது மூணு லைட்டு. பெரியப்பா வீட்டுக்கு ஒண்ணு, அத்தை வீட்டுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. எங்களோடது பதினோராம் நம்பர், பரண்ல கிடந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி பெரியப்பா வீட்டு அண்ணன் புது வீடு கட்டினப்ப அவர் பங்கு லைட்டை இன்டீரியர் பண்றவர் கையில குடுத்தார். அவர் டேங்க் அடியில டிரில் போட்டு, உள்ளே இருந்ததை எல்லாம் உருவி எடுத்துட்டு, மஞ்சள் கலர் பல்பு ஒண்ணு வெச்சு ஹால்ல தொங்கவிட்டுட்டார். அதைப் பார்த்த அத்தை தன் பங்கை ஒரு பாலிஷ் பட்டறைக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்தது தங்கக் கலசம் மாதிரி இருந்துச்சு.

"என்னடா, பளபளன்னு இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?" ன்னாங்க அத்தை.

"பிடிக்குது அத்தை. தாத்தா பேரு எங்க?"

அத்தை டேங்கை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாங்க. கண்ணாடியைப் போட்டுட்டு வந்து இன்னொரு சுத்து. அப்புறம் ஒண்ணும் சொல்லாம சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. பித்தளைன்னா தேய்ச்சு வெளக்கி வைக்கணும்னுதானே நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கோம். புளியும் சாம்பலும் போட்டு வெளக்கின குத்துவிளக்கு அழகுதான். ஆனா பெட்ரோமாக்ஸ் குத்துவிளக்கு கிடையாது. அது ஒரு எந்திரம்.

நிற்க. எந்திரம்னு சொன்னா போதாது, அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும். எஞ்சினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுறவனுக்கு இந்த மாதிரி கையில புடிச்சுப் பார்க்கிற எந்திரம் கிடைக்கிறதே அபூர்வம், அதனால கொஞ்சம் விலாவாரியாப் போவேன், பொறுத்துக்கோங்க.

அடியில இருக்கிற டேங்க்ல முக்கால் அளவு மண்ணெண்ணெய், மிச்சம் காத்து. பக்கவாட்டுல இருக்கிற பம்பால அடிக்க அடிக்க உள்ளே காத்தோட அழுத்தம் ஏறும். ஏறினதைக் காட்ட மூடியில ஒரு கேஜ், அதுல ஒரு சிவப்புக் கோடு. அழுத்தம் மண்ணெண்ணெயை ஒரு பித்தளைக் குழாய் வழியா மேலே தள்ளும். அந்தக் குழாய் மேண்டில் பக்கத்துலயே, நெருப்போட சூட்டுலயே மேலே ஏறி வளைஞ்சு போகும். வேப்பரைசர்னு பேரு. அந்தச் சூட்டுல எண்ணெய் ஆவியாகிடும். ஆவி, முடி கனத்துல இருக்கிற ஒரு நிப்பிள் ஓட்டை வழியா சீறி வெளியே வந்து, போற வேகத்துல காத்தையும் இழுத்துக்கிட்டு, கலந்து, மேண்டிலுக்குள்ள எரியும். அந்த 'உஸ்ஸ்ஸ்'ங்கிற சத்தம் அதுதான். ஆக எரியிறது எண்ணெய் இல்லை, ஆவி. கேஸ் லைட்டுன்னு பேர் வெச்ச நம்மூர்க்காரன் விவரமானவன்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, விளக்கு எரிய வேண்டிய எரிபொருளை விளக்கோட சூடே தயார் பண்ணுது. அதனாலதான் ஆரம்பத்துல ஒரு கிண்ணத்துல ஸ்பிரிட் ஊத்தி தனியா சூடு பண்ணித் தரணும். கம்ப்யூட்டர் பூட் ஆகிற மாதிரி, முதல் தள்ளு வெளியே இருந்து வரணும். அப்புறம் அது தன்னைத்தானே பார்த்துக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு சுமார் எட்டு மணி நேரம்.

இதை உருவாக்கினது பெர்லின்ல இருந்த எர்ரிச் & கிரேட்ஸ் கம்பெனி. 1866-ல ஆரம்பிச்ச விளக்குக் கம்பெனி. அதை நடத்தின மேக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில இந்த விளக்கைக் கொண்டுவந்தார். பெட்ரோலியத்துல பாதியும் தன் பேருல பாதியும் சேர்த்து பெட்ரோமாக்ஸ். ஸ்வீடன்ல ஆப்டிமஸ், இங்கிலாந்துல டில்லி, அமெரிக்காவுல கோல்மேன்னு ஒவ்வொரு ஊர்லயும் பிரஷர் விளக்கு இருந்துச்சு. ஆனா நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி செஞ்சாலும் அது பெட்ரோமாக்ஸ்தான், ஜெராக்ஸ் மாதிரி.

மேண்டில் கதை இதைவிட சுவாரசியம். ஆஸ்திரியாவுல கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்னு ஒரு வேதியியல்காரர். துணி வலையை உப்புக் கரைசல்ல முக்கிக் காய வெச்சு எரிச்சா, துணி எரிஞ்சு போய் உப்போட ஆக்சைடு மட்டும் வலை வடிவத்துல நிக்கும்னு கண்டுபிடிச்சு 1885-ல காப்புரிமை வாங்கினார். முதல் சரக்கு பச்சையா எரிஞ்சுச்சு, ஓடலை. 1891-ல கலவையை மாத்தினார். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு உருக 3300 டிகிரி செல்சியஸ் வேணும், அதனால எவ்வளவு சூட்டுலயும் நிக்கும். ஆனா அது மட்டும் தனியா இருந்தா வெளிச்சம் மங்கல். அந்த ஒரு பங்கு சீரியம்தான் பளீர்னு வெள்ளையா ஆக்குது. நூத்துல ஒண்ணு! சாம்பார்ல பெருங்காயம் மாதிரி.

சரி, உலகத்துக்கே மேண்டில் செய்ய தோரியத்துக்கு எங்க போறது? இங்கதான் நம்ம ஊர் வருது. 1909-ல ஷாம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர், திருவிதாங்கூர் கடற்கரையில இருந்து கயிறோட ஒட்டிக்கிட்டு வந்த மணலைச் சோதிச்சப்ப அதுல மோனசைட் இருக்கிறதைப் பார்த்தார். மோனசைட்ல தோரியம். கொஞ்ச நாள்ல மணவாளக்குறிச்சியில மணலைப் பிரிக்கிற ஆலை வந்துடுச்சு. அப்ப அது திருவிதாங்கூர். 1956-ல கன்னியாகுமரி மாவட்டமா நம்ம கூட சேர்ந்துச்சு. இன்னைக்கும் அங்க மத்திய அரசோட மணல் ஆலை ஓடுது. ஜெர்மன் விளக்கு, ஜெர்மன் விளக்குன்னு பெருமையா சொல்றோம், அதுல எரிஞ்ச வெளிச்சத்துல நம்ம கடக்கரை மணலுக்கும் பங்கு உண்டு.

இப்போ மினுக்கல் பிரச்சினைக்கு வர்றேன்.

நம்ம கைக்கு வர்ற பழைய ஜெர்மன் பெட்ரோமாக்ஸ்ல பெரும்பாலானது மஞ்சப் பித்தளையா கடையில இருந்து வந்ததே இல்லை. பித்தளை மேல நிக்கல் முலாம். வெள்ளி மாதிரி இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகளுக்குப் போனா மஞ்சள் மஞ்சளா மின்னுற பெட்ரோமாக்ஸைப் பார்க்கலாம். வாங்குறவங்க 'ஆகா, ஆன்டிக்' னு நினைச்சு வாங்குறாங்க. அந்த மஞ்சள், முலாமை உரிச்சதுக்கப்புறம் வந்த மஞ்சள். பழசோட தோலை உரிச்சு பழசு மாதிரி காட்டுறது என்ன நியாயமோ!

ரெண்டாவது, இந்த டேங்க் மெல்லிசுத் தகடு. அதுக்குள்ள அழுத்தம் ஏறப் போகுது. பட்டறையில பஃபிங் வீல் வெச்சு அழுத்தும்போது உலோகம் கொஞ்சம் கொஞ்சமா கரையும். எழுத்து மறையிற அளவுக்கு தேய்ச்சாங்கன்னா, அந்த எழுத்து ஆழத்துக்கு டேங்க் மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். அத்தை வீட்டு லைட்டை எனக்கு சும்மா குடுத்தாக்கூட நான் அதுல பம்பு அடிக்க மாட்டேன்.

மூணாவது விஷயம் எனக்கே படிக்கிறப்ப ஆச்சரியமா இருந்துச்சு. பிரிட்டிஷ்காரன் காலத்துல இந்தியாவுல பட்டாளத்துத் தோட்டாக்களோட பித்தளை உறை மழைக்காலத்துல தானா வெடிப்பு விடும். ஒருத்தனும் சுடலை, தொடலை, பெட்டியில இருக்கும்போதே கீறல். பருவத்துக்குப் பருவம் வந்ததால அதுக்கு 'சீசன் கிராக்கிங்' னு பேர் வெச்சாங்க. காரணத்தை 1921-ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் விளக்கினாங்க. தகட்டை அச்சுல இழுத்து உருவம் குடுக்கும்போது உலோகத்துக்குள்ள ஒரு இறுக்கம் தங்கிடும். அந்த இறுக்கத்தோட ஈரமும் அமோனியாவும் சேர்ந்தா வெடிப்பு. அமோனியா எங்கிருந்து வந்துச்சு? தோட்டாப் பெட்டிகளை வெச்சிருந்த குதிரை லாயத்துல, குதிரை மூத்திரத்துல இருந்து! சிரிக்காதீங்க. பெட்ரோமாக்ஸ் டேங்கும் அச்சுல இழுத்த பித்தளைதான். மெட்டல் பாலிஷ் பாட்டில்கள்ல பலதுல அமோனியா இருக்கு. மூடியைத் திறந்தா மூக்குல ஏறுற அந்த நெடிதான். வருஷக்கணக்கா அதைப் போட்டுத் தேய்ச்ச டேங்க்ல ரெண்டு மடங்கு காத்தழுத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

'நாங்க எரிக்கவே போறதில்லையே, அலங்காரத்துக்குத்தானே' ன்னு அண்ணன் சொன்னார். நியாயமான கேள்விதான், ஒதுக்க முடியாது. அவர் வீடு, அவர் லைட்டு. சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல மண்ணெண்ணெய் வேண்டாம்னு நினைக்கிறதும் சரி. ஆனா அலங்காரத்துக்கு ஓட்டை எதுக்கு? சும்மா துடைச்சு அலமாரியில வெச்சாலே அலங்காரம்தானே? இல்லை, வெளிச்சம் வந்தே ஆகணும்னா, மேண்டில் தொங்கற இடத்துல பேட்டரியில ஓடுற சின்ன பல்பை நூல்ல கட்டித் தொங்கவிடலாம். நாளைக்கு அவர் பையனுக்கு ஆசை வந்தா பல்பை எடுத்துட்டு மேண்டில் மாட்டிக்கலாம். டிரில் போட்ட டேங்குக்கு அந்த வழி இல்லை. ஈயம் வெச்சு அடைச்சாலும் அதுல அழுத்தம் ஏத்துறது வெடிகுண்டுக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிற மாதிரி. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, பேக்கப் எடுக்காம டெலீட் பண்ற வேலை. ஒரு நாள் மாலை ஆசைக்கு எண்பது வருஷ எந்திரத்தை திரும்ப வர முடியாத இடத்துக்கு அனுப்புறது.

அப்போ நீ என்னடா கிழிச்சேன்னு கேட்பீங்க. சொல்றேன். அஞ்சாறு சனி ஞாயிறு எடுத்துச்சு.

முதல் வாரம் எதையும் தேய்க்கலை. கழட்டினேன், அதுவும் பாதிதான். திருகு எல்லாம் எண்ணெய்ப் பிசின்ல ஒட்டிப் போய் இருந்துச்சு. இதுல அவசரப்பட்டா மரை போயிடும். திருகுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டேன், மறுநாள் ஹேர் டிரையர் வெச்சு சூடு, மறுபடி எண்ணெய். (ஹேர் டிரையர் தங்கமணியோடது. இதைப் படிச்சா எனக்கு ஆப்பு.) டேங்க் பக்கம் தீயைக் கொண்டு போகவே கூடாது. பழைய எண்ணெய் ஆவி இருக்கும், பத்தாததுக்கு இணைப்புகள் எல்லாம் ஈயப் பத்துல நிக்குது.

டேங்குக்குள்ள அடியில பழைய மண்ணெண்ணெய் பிசின் மாதிரி இறுகி இருந்துச்சு. தின்னர் ஊத்தி ரெண்டு நாள், அப்புறம் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு நல்லா குலுக்கினேன். அரிசி கறுப்பா வெளியே வரும். மூணு தடவை மாத்தினதும் வெள்ளையா வந்துச்சு.

வெளிப்புறத்துக்கு வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். பச்சைக் களிம்பு பிடிச்ச இடத்துல மட்டும் லெமன் சால்ட்டைத் தண்ணியில கரைச்சு பஞ்சுல தொட்டு வெச்சேன். பத்து நிமிஷத்துக்கு மேல விடலை. பித்தளையை ஆசிட்ல ஊறப் போட்டா துத்தநாகம் கரைஞ்சு வெளியேறி செம்பு மட்டும் மிஞ்சும், அந்த இடம் ரோஸ் கலர்ல தெரியும். ரோஸ் தெரிஞ்சா உலோகம் போச்சுன்னு அர்த்தம். முலாம் அங்கங்க உரிஞ்சிருக்கு, கைப்பிடிக்கிட்ட ஒரு நசுங்கல் இருக்கு, அதெல்லாம் அப்படியே விட்டேன். அழுக்கு போனதும் ஒரு மங்கின வெள்ளை வந்துச்சு பாருங்க, தாத்தாவோட வெள்ளி அரணாக்கொடி கலர். 'ரா.வே. 11' பளிச்சுன்னு தெரிஞ்சுது.

இனிமேதான் நிஜ வேலை. பம்புக்குள்ள இருக்கிற தோல் வாஷர் வறட்டி மாதிரி காஞ்சு போயிருந்துச்சு. விளக்கெண்ணெயில ரெண்டு நாள் ஊறப் போட்டேன். தோல் உப்பி மெத்துனு ஆகிடுச்சு. விரலால உதட்டை லேசா விரிச்சு விட்டு மாட்டினா பம்பு காத்தைப் பிடிக்குது. எண்பது வருஷத் தோல்!

பம்போட அடியில ஒரு சின்ன வால்வு இருக்கும். காத்தை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. அதுல இருக்கிற ரப்பர் பொட்டு இறுகிப் போனா, பம்புக் கைப்பிடி பேய் புடிச்ச மாதிரி தானா மேலே எழும்பும், பம்புக்குள்ள மண்ணெண்ணெய் ஏறும். பழைய லைட்டுகள்ல முக்கால்வாசி தகராறு இங்கதான். எண்ணெய்க்குத் தாங்குற ரப்பர்ல வட்டமா வெட்டி மாத்தினேன். இதைக் கழட்டத் தனிச் சாவி வேணும். லேத் பட்டறை அண்ணன் ஒருத்தர் ஒரு கம்பியோட நுனியை ராவி பத்து நிமிஷத்துல செஞ்சு குடுத்தார், காசு வாங்க மாட்டேன்னுட்டார். "எங்கப்பா இதைத்தாண்டா தம்பி ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருந்தார்" ன்னார்.

வேப்பரைசர் குழாய்க்குள்ள கரி அடைஞ்சிருந்துச்சு. மண்ணெண்ணெய் வெந்து வெந்து ஆவியாகிற இடமாச்சே. அதைத் தனியா கழட்டி, அடுப்புல செக்கச்செவேல்னு காய்ச்சி, தண்ணியில முக்கினா கரி ஏடு ஏடா உரியும். சைக்கிள் பிரேக் ஒயரோட நுனியைப் பிரிச்சு விட்டு பிரஷ் மாதிரி உள்ளே விட்டுக் குடைஞ்சேன். இருந்தாலும் வளைவுல ஒரு இடத்துல ஒயர் போகவே இல்லை. குழாய் உள்ளுக்குள்ள பாதி அரிச்சுப் போயிருந்துச்சு. அதை மாத்தித்தான் ஆகணும். இதைப் பத்தி கடைசியில சொல்றேன்.

எல்லாத்தையும் பூட்டினதும், எண்ணெய் ஊத்தாம வெறும் காத்து அடிச்சு டேங்கைத் தண்ணி வாளியில முக்கினேன். பஞ்சர் கடையில டியூபை முக்குற அதே டெக்னிக். கேஜ் இருக்கிற மூடியை மட்டும் தண்ணிக்கு மேல வெச்சுக்கிட்டு அதுக்கு சோப்பு நுரை. ரெண்டு இடத்துல முட்டை விட்டுச்சு, வாஷர் மாத்தினதும் நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சும் முள்ளு அசையலை.

அப்புறம் மேண்டில் கட்டி, ஸ்பிரிட் ஊத்தி... முதல்ல மஞ்சளா ரெண்டு தடவை பொங்கிச்சு. அப்புறம் 'உஸ்' ன்னு ஒரு இழுப்பு. மொட்டை மாடி மொத்தமும் வெள்ளையா ஆகி, பக்கத்து பிளாட்டுல ரெண்டு ஜன்னல் திறந்துச்சு. எங்க அப்பா ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அழுத்தம் குறையுது பாரு, நாலு அடி அடி" ன்னார். கேஜைப் பார்த்தா நிஜமாவே குறைஞ்சிருந்துச்சு. அவர் கேஜைப் பார்க்கலை, சத்தத்தை வெச்சே சொன்னார்.

இந்த இடத்துல இன்னொரு கூட்டத்தையும் வம்புக்கு இழுத்துடறேன், இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது. பழசுன்னா கையே வைக்கக் கூடாது, ஒரு வாஷரைக் கூட மாத்தக் கூடாது, ஒரிஜினல் போயிடும்னு சொல்றவங்க. தோல் வாஷரும் நிப்பிளும் மேண்டிலும் தேஞ்சு போறதுக்குன்னே செஞ்ச பாகங்க. அதெல்லாம் மாத்த மாத்தத்தான் விளக்கு. எங்க தாத்தாவுக்கு ஒரிஜினல் பக்தி எல்லாம் சுத்தமாக் கிடையாது. எந்த லைட்டோட மூடி எந்த லைட்டுல இருக்கும்னு அவருக்கே தெரியாது. எங்க பதினோராம் நம்பரோட மேல்மூடி வேற கம்பெனி, கண்ணாடி வேற கம்பெனி. ஊருக்கு ஜெனரேட்டர் வந்தப்ப முதல் ஆளா கடன் வாங்கி டியூப் லைட் செட்டு போட்டவரும் அவர்தான். கரண்ட்டு வந்ததுக்காக அவர் ஒரு நாள் கூட வருத்தப்பட்டதில்லைன்னு அப்பா சொல்வார். நானும் வருத்தப்படலை. லைட்டைத் தலையில சுமந்துக்கிட்டு ராத்திரி முழுக்க ஊர்வலத்துல நடந்தவங்களுக்கு அந்தச் சூடும் பாரமும் எப்படி இருந்திருக்கும்! அந்த வேலை ஒழிஞ்சது நல்லதுதான்.

ஆனா அவர் ஒரு லைட்டையும் எரியாத நிலையில ஆணியில மாட்ட மாட்டார். வாடகை முடிஞ்சு வந்த லைட்டைத் துடைச்சு, ஊசி விட்டுப் பார்த்து, காத்து அடிச்சுப் பார்த்துட்டுத்தான் மாட்டுவார். மினுக்கினதா யாருமே பார்த்ததில்லை. வேலை செய்யுதா, நம்ம பேர் தெரியுதா, ரெண்டே கேள்வி. நான் அதுக்கு மேல புதுசா எதுவும் சொல்லிடலை.

வேப்பரைசர் கதை பாக்கி இருக்கு இல்லையா. புதுசு கிடைக்குது, ஆனா எனக்கு வேற யோசனை. அண்ணனுக்குப் போன் போட்டு, அந்த இன்டீரியர்காரர் உருவிப் போட்ட சாமானெல்லாம் எங்க அண்ணேன்னு கேட்டேன். "ஒரு மஞ்சப் பைல போட்டு மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கேன்டா, குப்பையில போட மனசு வரலை" ன்னார். பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தேன். வேப்பரைசர், நிப்பிள், ஊசிக் கம்பி, மண் நாசில் எல்லாம் பத்திரமா இருந்துச்சு. அவர் லைட்டு நாலாம் நம்பர். இப்ப பதினொண்ணுக்குள்ள நாலு எரியுது. போன பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டு போனப்ப அண்ணன் தன் பையனைக் கூப்பிட்டு, "இது நம்ம லைட்டுடா" ன்னு சொல்லிக் காட்டிக்கிட்டு இருந்தார். நான் மறுக்கலை.

டிஸ்கி: பரண்ல லைட்டு இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு உடனே பத்த வெச்சுடாதீங்க. பெட்ரோல் ஊத்தவே கூடாது, மண்ணெண்ணெய் மட்டும். டேங்க்ல முக்காலுக்கு மேல வேண்டாம். மூடின ரூமுக்குள்ள எரிக்காதீங்க, மொட்டை மாடிதான் சரி. எரியும்போது எண்ணெய் ஊத்த மூடியைத் திறக்கக் கூடாது. அணைக்கணும்னா கேஜ் பக்கத்துல இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்துங்க, காத்து போனதும் தானா அணையும். பழைய மேண்டிலா இருந்தா தோரியம் இருக்கும், லேசான கதிரியக்கம் உள்ளது. அந்தச் சாம்பலை ஊதாதீங்க, ஈரத் துணியில ஒத்தி எடுத்துடுங்க. இப்ப வர்ற மேண்டில் பலதுல தோரியத்துக்குப் பதிலா இட்ரியம். வெளிச்சம் ஒரு பொட்டு கம்மி, ஆனா நிம்மதி.